‘டெங்கு 82 வீதம்’ என்று செயலி சொன்னால் நம்பலாமா?

கேள்வி: அம்மாவுக்கு 62 வயது. மூன்று நாளாகக் காய்ச்சல், உடம்பெல்லாம் நோ. தம்பி ஒரு கைபேசிச் செயலியில் குணங்குறிகளைப் போட்டான், ‘டெங்கு 82 வீதம்’ என்று வந்தது. நம்பலாமா? – வாசகி, கொக்குவில்

பதில்: முதலில் அம்மாவை இன்றைக்கே வைத்தியரிடம் காட்டுங்கள். மூன்றாம் நாளாகிவிட்டது.

சரி, அந்த 82 எப்படி வருகிறது? ஒரு கற்பனைக் கணக்குப் போடுவோம். மாரியில் காய்ச்சல்காரர் 1000 பேரில் 200 பேருக்கு டெங்கு. கண்ணுக்குப் பின்னால் நோ டெங்குக்காரரில் 90 வீதமானோருக்கு, மற்றவர்களில் 30 வீதமானோருக்கு. அப்படியென்றால் அந்த நோ உள்ள 420 பேரில் 180 பேருக்கு டெங்கு, அதாவது 43 வீதம். கோடையில் 1000 பேரில் 20 பேருக்குத்தான் டெங்கு என்றால், அதே நோவுக்கு விடை 6 வீதம். நோயாளியிடம் எதுவும் மாறவில்லை, ஊர்க்கணக்குத்தான் மாறியது.

உங்கள் 82 எந்த ஊர்க்கணக்கு? 1972இல் இங்கிலாந்தின் லீட்ஸில் டி டொம்பால் என்ற வைத்தியரின் குழு செய்த, வயிற்றுநோவுக்குக் காரணம் சொல்லும் கணினி நிரல் 304 நோயாளிகளில் 91.8 வீதம் சரியாகச் சொன்னது. மூத்த வைத்தியர்களுக்கே 79.6தான். வேறு ஊர்களில் அந்தத் திறமை அப்படியே வரவில்லை. இங்கே எலிக்காய்ச்சலும் உண்ணிக்காய்ச்சலும் உண்டு. செயலியின் பட்டியலில் அவை இல்லாவிட்டால் அவற்றின் பங்கும் டெங்குக் கணக்கிலேயே விழும். டெங்கு நோயாளர் எண்ணிக்கை மாவட்டவாரியாக வாராவாரம் வெளியாகிறது. நான் பார்த்த எந்தச் செயலியும் அதைத் தொடுவதில்லை.

விடைக்குக் கீழே ‘பரிசோதனைப் பொதி’ என்று ஒன்று வந்திருக்குமே? அதுதான் வியாபாரம். கைபேசி நம்பரைக் கொடுத்தால் அந்தப் பொதியை விற்கும் தரகர் விடாமல் அழைப்பார். டெங்குச் சந்தேகத்துக்குத் தைரொய்டும் கொலஸ்ட்ரோலும் எதற்கு? டெங்குவுக்குத் தேவை முழுக்குருதிப் பரிசோதனை, முதல் நாட்களில் என்எஸ்1 (இரத்தத்தில் டெங்கு வைரசின் புரதத்தைத் தேடும் பரிசோதனை). வைத்தியர் எழுதாததற்குக் காசு கட்டாதீர்கள்.

காய்ச்சல் விட்டதும் தம்பி திரும்பப் போட்டுப் பார்ப்பான், வீதம் இறங்கலாம். அதை நம்பி இருந்துவிடாதீர்கள். டெங்குவில் இரத்தக்குழாயிலிருந்து நீர் கசியும் கட்டம் பெரும்பாலும் 3 முதல் 7ஆம் நாளுக்குள், காய்ச்சல் விடுகிற நேரத்தில்தான் தொடங்கும். காய்ச்சல் இல்லை, ஆனால் கடும் வயிற்றுநோ, ஓயாத சத்தி, முரசில் இரத்தம், சலம் குறைவு, எழும்ப முடியாத சோர்வு: இதில் ஒன்று இருந்தாலும் நேரே போதனா வைத்தியசாலைக்குப் போங்கள்.

காய்ச்சலுக்குப் பனடோல் மட்டும், அளவோடு. டைக்ளோபெனாக், இபுபுரூபன் வேண்டாம். அம்மா இதயத்துக்கு அஸ்பிரின் எடுப்பவரென்றால் அதை முதலிலேயே வைத்தியரிடம் சொல்லுங்கள். காய்ச்சல் தொடங்கிய நாள், நேரம், கொடுத்த மருந்து எல்லாவற்றையும் ஒரு தாளில் எழுதிக் கொண்டுபோங்கள். வைத்தியருக்கு 82ஐ விட அதுதான் உதவும்.