கடைசி அத்தியாயம்

கேள்வி: மன்னிப்பையும் கருணையையும் வைத்து நாவல் எழுதிய ஒருவர், வாசகர்களைக் கூட்டிவைத்து அதைப் பற்றியே விவாதித்தும் வருகிறார். புத்தகத்தின் கடைசி அத்தியாயத்தைப் புரட்டிப் பார்த்தேன். நினைத்தபடியே மன்னிப்பில்தான் முடிகிறது. கதையில் மன்னிப்பதற்கு என்ன செலவு? எழுத்தாளருக்கு எதற்கு இந்த உபதேச வேலை?

பதில்: கடைசி அத்தியாயத்தைத்தான் புரட்டினேன் என்று ஒப்புக்கொண்டீர்களே, அந்த நேர்மைக்காகவே பதில் எழுதுகிறேன்.

செலவில்லை என்கிறீர்கள். 1966-இல் ஆனந்த விகடனில் வந்த ஜெயகாந்தனின் ‘அக்கினிப் பிரவேசம்’ பட்ட பாடு உங்களுக்குத் தெரியாது போலிருக்கிறது. மழையில் நின்ற கல்லூரிப் பெண்ணைக் காரில் ஏற்றிச் சென்றவன் கெடுத்துவிடுகிறான். வீடு திரும்பியவள் தாயிடம் அழுதுகொண்டே சொல்கிறாள். தாய் முதலில் அடிக்கத்தான் செய்கிறாள். பிறகு மகள் தலையில் தண்ணீரைக் கொட்டி, நீ சுத்தமாகிவிட்டாய் என்கிறாள். அவ்வளவுதான். அந்தத் தண்ணீரை வாசகர்கள் பலரால் தாங்க முடியவில்லை. கண்டனங்கள் கிளம்பின, முடிவை மாற்றிக் கதை எழுதிப் பார்த்தவர்களும் உண்டு.

சரி, தாய் அப்படிச் செய்யாமல் கூச்சலிட்டிருந்தால்? ஜெயகாந்தன் அந்தக் கேள்வியை எடுத்துக்கொண்டு ஒரு நாவலே எழுதினார்: ‘சில நேரங்களில் சில மனிதர்கள்’. இதில் தாய் அலறுகிறாள், விஷயம் வெளியே போகிறது, அண்ணன் துரத்துகிறான். ஆண்டுகள் கழித்து, படித்து வேலையில் இருக்கும் கங்கா, தன் கதையைப் போலவே ஒன்றைப் பத்திரிகையில் படிக்கிறாள். அதில் வரும் தாய் மகள் தலையில் தண்ணீர் ஊற்றுகிறாள்! தனக்குக் கிடைக்காத அந்தத் தண்ணீரை அச்சில் பார்க்கிற இடம் ஒன்று போதும். வாசகர்களோடு வாதம் செய்வது என்றால் இப்படிச் செய்யவேண்டும். 1972-இல் அந்த நாவலுக்குச் சாகித்திய அகாதெமி விருது கிடைத்தது.

கவனித்தீர்களா, அந்தப் பெண் மன்னிக்கப்படுவதற்கு எந்தக் குற்றமும் செய்யவில்லை. தாய் காட்டியது கருணை. காரில் வந்தவனை மன்னிப்பதா வேண்டாமா என்பது தனி வழக்கு. அதில் தீர்ப்புச் சொல்லும் உரிமை மகளுக்கு மட்டுமே உண்டு. இரண்டையும் ஒரே கரண்டியால் பரிமாறும் நாவலாசிரியர்களோடு எனக்கும் சண்டைதான். அடிபட்டவர் வாய் திறப்பதற்குள் ஆசிரியர் முந்திக்கொண்டு மன்னித்துவிடுகிறார். கூடவே வாசகருக்கும் ஒரு கைக்குட்டை!

புதுமைப்பித்தனிடம் அந்த வேலை நடக்காது. ‘சாபவிமோசன’த்தில் அகலிகைக்கு விமோசனம் தந்த ராமனே சீதையைத் தீயில் இறங்கச் சொன்னான் என்று தெரிந்ததும், அவள் மறுபடியும் கல்லாகிவிடுகிறாள். கொடுத்த மன்னிப்பும் செல்லாமல் போகும் என்று காட்ட உபதேசம் எதுவும் தேவைப்படவில்லை.

நீங்கள் சொல்லும் நாவலாசிரியர் எந்த ரகம் என்பதற்கு அந்த விவாதங்களே சாட்சி. “அவனை மன்னிக்க நீங்கள் யார்?” என்று ஒருவர் எழுந்து கேட்கும்போது அவர் சமாளிக்கிறாரா, யோசிக்கிறாரா என்று பாருங்கள். அடுத்த கூட்டத்துக்குப் போய் நீங்களே அதைக் கேளுங்களேன். அதற்கு முன்னால் மற்ற அத்தியாயங்களையும் படித்துவிடுங்கள்.