சாயக்கழிவு கலந்த கிணறு: நானோ பொடியும் வெயிலும் போதுமா?

கேள்வி: எங்கள் கிணற்றை ஒட்டி ஓடும் ஓடையில் சாயப்பட்டறைக் கழிவு கலக்கிறது. கிணற்று நீர் லேசான ஊதா நிறத்தில் வருகிறது, பயிரின் இலை ஓரங்கள் கருகுகின்றன. டைட்டானியம் டை ஆக்சைடு நானோ பொடியைப் போட்டு வெயிலில் வைத்தால் சாயம் போய்விடும் என்று ஒரு காணொளியில் பார்த்தேன். கிணற்றில் நேரடியாகப் போடலாமா? எவ்வளவு போட வேண்டும்?

பதில்: தயவுசெய்து கிணற்றில் போடாதீர்கள். காணொளியில் காட்டியது பொய் இல்லை. ஆனால் உங்கள் பயிரைக் கருக்குவது பெரும்பாலும் நிறம் அல்ல, உப்பு. பருத்தித் துணியில் சாயம் ஏறுவதற்காகப் பட்டறைகளில் சாதாரண உப்போ சோடியம் சல்ஃபேட்டோ ஏராளமாகச் சேர்ப்பார்கள். சாயத்தில் பெரும்பகுதி துணியோடு போய்விடும். உப்பு முழுக்கக் கழிவு நீரில்தான் வரும். அதை எந்த ஒளி வினையூக்கியும் (ஒளி பட்டால் வேதிவினையைத் தூண்டும் இதுபோன்ற பொடி) நீக்காது.

அந்தப் பொடி என்ன செய்கிறது? வெயிலில் உள்ள புற ஊதாக் கதிர் பட்டதும் அதில் எலக்ட்ரான்கள் கிளம்பி, நீரோடும் கரைந்திருக்கும் ஆக்சிஜனோடும் வினைபுரிந்து ஹைட்ராக்சில் போன்ற வீரியமான துகள்கள் உண்டாகும். அவைதான் சாய மூலக்கூறைத் துண்டு துண்டாக உடைக்கின்றன. வெயிலில் புற ஊதாவின் பங்கு சுமார் 5 சதவீதம்தான். அதனால் கண்ணுக்குத் தெரியும் ஒளியிலும் வேலை செய்யும் கார்பன் நைட்ரைடு போன்றவற்றையும் ஆய்வாளர்கள் பயன்படுத்திப் பார்க்கிறார்கள். நல்ல முயற்சி, எனக்கும் இதில் நம்பிக்கை உண்டு. ஆனால் அந்தச் சோதனைகள் பெரும்பாலும் சுத்தமான நீரில் ஒரே ஒரு சாயத்தைச் சிறிதளவு கரைத்துச் செய்பவை. நிஜக் கழிவின் அடர்ந்த நிறம் ஒளியை உள்ளே விடாது. அதிலுள்ள குளோரைடும் கார்பனேட்டும் அந்த வீரியத் துகள்களைப் பாதி வழியிலேயே தின்றுவிடும். கிணற்று ஆழத்துக்கோ வெயிலே எட்டாது.

இன்னொரு விஷயம். தண்ணீர் தெளிந்த பிறகு அடியில் தங்கிய பொடியைப் பாருங்கள். அது ஊதாவாக இருந்தால் சாயம் முழுதும் உடையவில்லை, பொடியில் ஒட்டிக்கொண்டிருக்கிறது. அரைகுறையாக உடைந்தாலும் ஆபத்துதான்: அசோ வகைச் சாயங்களிலிருந்து நச்சுள்ள அமீன்கள் வரலாம், அவற்றுக்கு நிறமே இருக்காது. தெளிவாக இருக்கிறதே என்று மாட்டுக்குக் காட்டிவிடாதீர்கள். துத்தநாக ஆக்சைடு பொடி என்றால் துத்தநாகம் கரைந்து மண்புழுவையும் நுண்ணுயிரையும் பாதிக்கும். இந்த முறைக்கு உரிய இடம் பட்டறைக்குள்தான்: பொடியைக் கண்ணாடியில் பூசியோ, காந்தத்தால் திரும்ப எடுக்கும்படி செய்தோ, மேலோட்டமான தொட்டியில் பயன்படுத்தலாம். அங்கும் உப்பை நீக்கச் சவ்வு வடிகட்டலும் ஆவியாக்கலும் தனியாக வேண்டும்.

சரி, நீங்கள் இப்போது செய்ய வேண்டியது நீர்ப் பரிசோதனை. மின் கடத்தும் திறன் (நீரில் கரைந்த உப்பின் அளவைக் காட்டுவது), சோடியம் ஈர்ப்பு விகிதம் (கால்சியம், மக்னீசியத்தோடு ஒப்பிட்டால் சோடியம் எவ்வளவு என்பது), குளோரைடு, கன உலோகங்கள் எல்லாம் கேளுங்கள். கடத்தும் திறன் மீட்டருக்கு 0.7 டெசி சைமனுக்குக் கீழே என்றால் உப்பால் கவலை இல்லை. 3-க்கு மேல் போனால் பெரும்பாலான பயிர்களுக்கு ஆகாது. இடைப்பட்ட அளவென்றால் பருத்தி, பார்லி தாங்கும்; பீன்ஸ் தாங்காது. சோடியம் மிகுந்து மண் இறுகியிருந்தால் மண்ணிலிருந்து சோடியத்தை விடுவிக்க ஜிப்சம் உதவும், ஆனால் அப்படி வெளியேறும் சோடியத்தை நல்ல நீரோ மழையோ வேருக்குக் கீழே கழுவி இறக்க வேண்டும், வடிகாலும் வேண்டும். இதே தண்ணீரைப் பாய்ச்சிக்கொண்டே ஜிப்சம் போட்டால் பெரிய பலன் இருக்காது. முடிவு வரும்வரை கீரையும் காய்கறியும் இந்த நீரில் வேண்டாம்.

மாதிரி எடுக்கும்போது மோட்டாரைக் கொஞ்ச நேரம் ஓடவிட்டு, அதே தண்ணீரில் பாட்டிலை இரண்டு மூன்று முறை அலசிப் பிடியுங்கள். ஓடை நீரிலும் தனியாக ஒரு பாட்டில் எடுங்கள். இரண்டின் அளவுகளையும் ஒப்பிட்டு, தேதியோடு எழுதி வைத்தால் மாசுக் கட்டுப்பாட்டு அதிகாரிகளிடம் புகார் கொடுக்க அதுவே ஆதாரமாகும்.