வேலூரில் வீட்டுக்குப் புதிதாக ஏசி மாட்டியிருக்கிறோம். மின் பரிசோதனை செய்து சான்று வாங்க வேண்டுமா?

ஏசி மாட்ட வருபவர் பெரும்பாலும் கேஸ், குளிர்ச்சி இரண்டையும் பார்த்துவிட்டுக் கிளம்பிவிடுவார். வயரிங் அவர் வேலை இல்லை. அதற்கு உரிமம் உள்ள எலக்ட்ரீஷியன் வேண்டும்.

ஒன்றரை டன் ஏசி சுமார் 7, 8 ஆம்பியர் இழுக்கும். அதற்கென்று தனி லைன், தனி எம்சிபி (மின்னோட்டம் அளவு மீறினால் தானே விழும் சுவிட்ச்) இருக்க வேண்டும். கிரைண்டர் ஓடும் லைனில் சேர்க்காதீர்கள்.

முதல் சோதனை மெக்கர், அதாவது இன்சுலேஷனை அளக்கும் கருவி. மெயினை அணைத்து, ஏசியின் இணைப்பைக் கழற்றிவிட்டு, 500 வோல்ட்டில் வயரின் இன்சுலேஷனைப் பார்ப்பார்கள். ஒரு மெகாஓமுக்குக் கீழே காட்டினால் எங்கோ கசிகிறது. கழற்றாமல் சோதித்தால் இன்வெர்ட்டர் ஏசியின் போர்டு போய்விடலாம், பக்கத்திலேயே நின்று கவனியுங்கள்.

அடுத்தது எர்த், அதாவது கசியும் மின்சாரத்தை மண்ணுக்குள் இறக்கும் இணைப்பு. நம்மூரில் இதுதான் தொல்லை. பாறை மண், பாலாறும் பெரும்பாலும் வறண்டே கிடக்கிறது. மண் காயக் காய எர்த்தின் மின்தடை ஏறும். மழைக்காலத்தில் நல்ல அளவு காட்டிய எங்கள் காட்பாடி வீட்டு எர்த் குழி, மே மாதம் பார்த்தபோது பல மடங்கு ஏறியிருந்தது. அதனால் கோடையில் அளக்கச் சொல்லுங்கள், குழிக்குத் தண்ணீர் ஊற்றுங்கள். அப்புறம் 30 மில்லிஆம்பியர் ஆர்சிசிபி, அதாவது மின்சாரம் கசிந்தால் தானே விழுந்து லைனைத் துண்டிக்கும் சுவிட்ச். அதன் டெஸ்ட் பொத்தானை அழுத்தினால் உடனே விழ வேண்டும்.

சான்று? அளவுகள், தேதி, உரிம எண், கையெழுத்து எல்லாம் உள்ள சோதனை அறிக்கையைக் கேட்டு வாங்குங்கள். "எல்லாம் ஓகே சார்" என்பது அறிக்கை ஆகாது.