மென்னோட்டு ஆமைக் குஞ்சின் வயிறு எப்போது தயாராகிறது? – கேள்வி பதில்

சீனாவின் செஜியாங் மாகாணத்தில் சூடாக்கிய கூடாரத் தொட்டிகளில் சீன மென்னோட்டு ஆமை வளர்க்கும் முறையை வைத்தே இந்தப் பதில்கள்.

கேள்வி: ஐயா, பொரித்த அன்றே தீனி போடலாமா?

பதில்: வேண்டாம். 3 முதல் 5 கிராம்தான் இருக்கும் அந்தக் குஞ்சு வயிற்றுக்குள் மஞ்சள் கருவின் மிச்சத்தோடு வெளியே வருகிறது. இரண்டு மூன்று நாள் அதுவே போதும். தொப்புள் வடு மூடும்வரை ஆழம் குறைந்த சுத்தமான நீரில் விடுங்கள். முந்திக்கொண்டு போட்ட தீனி தின்னப்படாமல் கிடந்து அழுகும். அழுகிய நீர் ஆறாத தொப்புளில் பட்டால் சீழ் பிடித்துக் குஞ்சு செத்துவிடும்.

கேள்வி: முதல் தீனிக்கு டாப்னியா என்ற நுண்ணிய நீர்ப்பூச்சி, டியூபிபெக்ஸ் புழு என்கிறார்களே, ஏன்?

பதில்: ஆமைக்குப் பல் இல்லை. கொம்பு போன்ற அலகால் கிழிக்கும், அவ்வளவுதான். மற்ற வேலையெல்லாம் இரைப்பையுடையது. அதனால் முதல் இரை சிறியதாக, மென்மையானதாக இருக்க வேண்டும். அசைகிற இரையைக் கண்டால் குஞ்சும் தானாகக் கவ்வும். டியூபிபெக்ஸ் சாக்கடைச் சேற்றில் வளர்வது. ஓடும் நீரில் ஓரிரு நாள் வைத்து, அதன் குடல் காலியான பிறகே போடுங்கள்.

கேள்வி: பொடித் தீனிக்கு மாறியதும் மலம் தளர்ந்து மிதக்கிறது. என்ன காரணம்?

பதில்: முதலில் மாவைப் பாருங்கள். இது புலால் உண்ணும் உயிர். இரைப்பையில் அமிலமும் பெப்சின் என்ற செரிமான நொதியும், குடலில் கணையத்தின் டிரிப்சின் நொதியும் புரதத்தை நன்றாகவே உடைக்கும். மாவுச்சத்தை உடைக்கும் அமிலேஸின் திறன் அந்த அளவுக்கு வராது. பச்சை மாவு சேர்த்தால் செரிக்காமல் குடலின் பின்பகுதிக்குப் போய்ப் புளிக்கும். வேகவைத்து உலர்த்திய உருளைக்கிழங்கு மாவு, அதாவது ஆல்பா மாவு, மட்டும் சேருங்கள். தீனியில் அது ஐந்தில் ஒரு பங்கு அளவில் இருக்கலாம். தீனி நீரில் கரையாமல் பிடித்து நிற்பதும் அதனால்தான். குஞ்சுத் தீனியில் புரதம் 45 முதல் 50 சதவீதம் இருக்கட்டும்.

இன்னொரு காரணம் அவசரம். புழுவை ஒரே நாளில் நிறுத்தாதீர்கள். புழுவை அரைத்துப் பொடியோடு பிசைந்து, ஒரு வாரத்தில் படிப்படியாகப் புழுவைக் குறையுங்கள்.

கேள்வி: ஒரு நாளைக்கு எவ்வளவு?

பதில்: உலர் எடையில், உடல் எடைக்கு 4 முதல் 5 சதவீதம். 4 கிராம் குஞ்சுகள் 1000 இருந்தால் மொத்தம் 4 கிலோ. நாளுக்கு 160 முதல் 200 கிராம். அதே எடை நீர் விட்டுப் பிசைந்து, நீர்மட்டத்தை ஒட்டிய பலகையில் மூன்று வேளையாக வையுங்கள். ஒரு மணி நேரத்தில் தின்று முடிக்காததை எடுத்துவிடுங்கள். மிச்சம் தொடர்ந்தால் அடுத்த வேளையின் அளவைக் குறையுங்கள். 10 நாளுக்கு ஒருமுறை சில குஞ்சுகளை எடை போட்டுக் கணக்கை மாற்றுங்கள்.

கேள்வி: இரவில் ஹீட்டர் நின்றுவிட்டது சார். காலையில் வழக்கம்போல் தீனி போடலாமா?

பதில்: கூடவே கூடாது. குஞ்சுக்கு உடல் சூடு நீரிலிருந்துதான் வருகிறது, நொதிகள் வேலை செய்வதும் அந்தச் சூட்டில்தான். 30 டிகிரி சரியான அளவு. 20-க்குக் கீழே பசி மங்கும். 15-க்குக் கீழே தின்பதே நின்றுபோகும். ஏற்கெனவே தின்றது குளிர்ந்த வயிற்றில் செரிக்காமல் தங்கி அழுகும். மெதுவாகச் சூடேற்றி, 28 டிகிரி தாண்டி ஒரு நாள் நிலைத்தபின் பாதி அளவில் தொடங்குங்கள். நீர் மாற்றும்போதும் 2 டிகிரிக்கு மேல் வித்தியாசம் வேண்டாம்.

கேள்வி: மீன் தூள் லேசாகக் காறல் வாடை அடிக்கிறது. வீணாக்க மனமில்லை.

பதில்: கொட்டிவிடுங்கள். கெட்ட எண்ணெய் கல்லீரலைக் கெடுக்கும். பித்தம் சுரப்பது அங்கேதான், அது கெட்டால் கொழுப்புச் செரிமானமும் போச்சு. பச்சை நன்னீர் மீன் போடுவதானால் வேகவையுங்கள். கெண்டை போன்ற பல மீன்களில் வைட்டமின் பி1-ஐ அழிக்கும் நொதி உண்டு.

கேள்வி: கரீபியன் கடலிலுள்ள கேமன் தீவில் பச்சைக் கடலாமை வளர்க்கிறார்களே, அதற்கும் இதே கணக்கா?

பதில்: இல்லை. பச்சை ஆமை குஞ்சாக இருக்கும்போது புலாலும் தின்னும். வளர வளரக் கடற்புல்லுக்கு மாறும். அதன் பெருங்குடலில் நுண்ணுயிர்கள் நாரைப் புளிக்கவைத்துச் சத்தாக்கித் தரும். மென்னோட்டு ஆமைக்கு அந்த ஏற்பாடு இல்லை. கீரை, தவிடு போட்டுச் செலவைக் குறைக்கப் பார்க்காதீர்கள்.