பீட்டில்ஸ் பாட்டை மாத்திப் பாடலாமா?

கேள்வி: போன சனிக்கிழமை பாண்டி பீச் ரோட்டுல காந்தி சிலைகிட்ட நாலு பசங்க கிட்டார் வச்சுக்கிட்டு இங்கிலாந்து ராக் குழு பீட்டில்ஸோட 'வித் எ லிட்டில் ஹெல்ப் ஃப்ரம் மை ஃப்ரெண்ட்ஸ்' பாடினாங்க. ரொம்ப ஸ்லோவா, கதறி அழுற மாதிரி. நல்ல பாட்டைக் கெடுத்துட்டாங்களேன்னு கோவமா வந்துச்சு. இப்படி மாத்தலாமா சார்?
– கல்லூரி மாணவர், மஞ்சக்குப்பம், கடலூர்

பதில்: தம்பி, நீங்க கேட்டது இங்கிலாந்துப் பாடகர் ஜோ காக்கர் பாடின விதம். 1967ல 'சார்ஜன்ட் பெப்பர்' ஆல்பத்துல பீட்டில்ஸ் டிரம்மர் ரிங்கோ ஸ்டார் பாடின பாட்டு அது, அடுத்த வருஷமே காக்கர் அதை எடுத்துப் பாடி இங்கிலாந்துல நம்பர் ஒன் ஆக்கிட்டாரு. டேபிள்ல தட்டிப் பாருங்களேன், ஒரிஜினல் தகதிமி தகதிமின்னு நாலு நாலா ஜாலியா நடக்கும், காக்கரோடது தகிட தகிடன்னு மூணு மூணா இழுத்து இழுத்துப் போகும். வரி அதே வரிதான், ஆனா ரிங்கோ பாடுறப்ப கூட்டாளிங்க பக்கத்துலயே நிக்கிறாங்க, காக்கர் பாடுறப்ப யாராவது வாங்கடான்னு ஒருத்தன் நடுராத்திரில கூப்பிடுறான்.

நம்ம ஊர் திருவிழா லைட் மியூசிக்ல 'அப்படியே ரெக்கார்டு மாதிரி இருக்கு'ன்னு சொன்னாதான் பாராட்டு, அந்தப் பழக்கத்துல உங்களுக்குக் கோவம் வந்திருக்கு. ஆனா கச்சேரில ஒரே கீர்த்தனையை ஆளுக்கு ஒரு விதமா பாடுறாங்களே, அதுக்கு யாரும் கோவப்படுறது இல்லியே. நல்ல பாட்டு அதைத் தாங்கும்.

'எலினார் ரிக்பி' கேளுங்க. 1966ல பீட்டில்ஸ் பாடினப்ப தனியா வாழ்ந்து செத்துப்போற ஒரு பொண்ணை தூரத்துல நின்னு பாக்குற பாட்டு அது. 1969ல அமெரிக்கப் பாடகி அரீத்தா ஃப்ராங்க்ளின் எடுத்து, எடுத்த எடுப்புலயே 'நான்தான் எலினார் ரிக்பி'ன்னு ஆரம்பிச்சாங்க. அவள்ங்கிறது நான்னு ஆயிடுச்சு, அவ்ளோதான், ஆனா எனக்கு முதல் தடவ கேட்டப்ப உடம்பு சிலுத்துடுச்சு. இன்னிக்கு நைட்டே ரெண்டையும் அடுத்தடுத்து ஹெட்ஃபோன்ல கேட்டுட்டு எழுதுங்க.

கேள்வி: பீட்டில்ஸ் அடுத்தவங்க பாட்டை பாடியிருக்காங்களா?
– வாசகி, முத்தியால்பேட்டை, புதுச்சேரி

பதில்: ஏகப்பட்டது இருக்கும்மா! 1963ல வந்த முதல் ஆல்பத்துல 14 பாட்டு, அதுல 6 மத்தவங்களோடது. பெஸ்ட் 'ட்விஸ்ட் அண்ட் ஷவுட்', அதுக்கு முந்தின வருஷம்தான் ஐஸ்லி பிரதர்ஸ்ங்கிற அமெரிக்கக் குழு பாடி ஹிட் ஆக்கியிருந்தாங்க. பிப்ரவரி 11ஆம் தேதி ஒரே நாள்ல ஸ்டூடியோல உக்காந்து ஆல்பத்துக்கு 10 பாட்டு ரெக்கார்ட் பண்ணாங்க, அதைப் பாட வேண்டிய பீட்டில்ஸ் பாடகர் ஜான் லெனனுக்கு சளி வேற, தொண்டை கிழிஞ்சிடும்னு தெரிஞ்சேதான் இந்தப் பாட்டைக் கடைசிக்கு வச்சாங்க. முதல் டேக்லயே ஓகே ஆச்சு, ரெண்டாவது டேக்குக்கு அவருகிட்ட குரலே மிச்சம் இல்ல. நீங்க ஆல்பத்துல கேக்குற அந்தக் கரகரப்பு அந்த முதல் டேக்தான்.