மேல்நிலை வகுப்பு ஆங்கிலம்: மொழி, இலக்கியம், கட்டுரை – கேள்வி பதில்

(மேல்நிலை வகுப்புகளுக்கு ஆங்கில இலக்கியம் கற்பிக்கும் ஆசிரியை பதிலளிக்கிறார். கேள்விகளுள் பல ஷேக்ஸ்பியரின் ‘மேக்பெத்’ நாடகத்தைப் பற்றியவை என்பதால், எடுத்துக்காட்டுகளும் அதிலிருந்தே தரப்படுகின்றன.)

கேள்வி: நாடகத்தின் காட்சிகள் அனைத்தும் எனக்கு மனப்பாடம். ஆயினும் என் கட்டுரையின் ஓரத்தில், ‘கதையைச் சொல்லியிருக்கிறாய், கருத்தைச் சொல்லவில்லை’ என்று எழுதப்பட்டிருந்தது. இரண்டுக்கும் என்ன வேறுபாடு, அம்மா?

பதில்: என்ன நடந்தது என்று எழுதினால் அது கதை. அது ஏன் இந்தச் சொற்களில், இந்த வரிசையில் எழுதப்பட்டிருக்கிறது என்று கேட்கும்போதுதான் கருத்து பிறக்கிறது. இரண்டாம் அங்கத்தின் இரண்டாம் காட்சியைத் திறந்து பாருங்கள். மன்னன் டங்கனைக் கொன்றுவிட்டு மேக்பெத் வருகிறான். “நீங்கள் பேசவில்லையா?” என்கிறாள் மனைவி. “எப்போது?” “இப்போது.” “நான் இறங்கி வந்தபோதா?” “ஆம்.” பெரும்பாலும் பத்து அசை கொண்ட அடிகளில் நீண்டு ஓடிவந்த பேச்சு, இங்கே ஒற்றைச் சொற்களாக நொறுங்குகிறது. ‘கொலைக்குப் பின் மேக்பெத் அஞ்சினான்’ என்பது கதைச் சுருக்கம். ‘கொலை முடிந்த கணத்திலேயே இவ்விருவரும் சேர்ந்து பேசும் ஆற்றலை இழக்கிறார்கள், அவர்களின் பிரிவை நாடகம் முதலில் ஒலியால் உணர்த்துகிறது’ என்பது கருத்து. ‘பதற்றத்தில் எவரும் இப்படித்தானே பேசுவார்கள், இதைப் பிரிவின் அடையாளமாகக் கொள்ளலாமா?’ என்று இதை ஒருவர் மறுக்க முடியும். அவ்வாறு மறுக்க இடமிருப்பதால்தான் நீங்கள் பிற்பகுதிக் காட்சிகளிலிருந்து சான்று தேடி அதை நிறுவ வேண்டியிருக்கிறது. அந்தத் தேடல்தான் கட்டுரை.

கேள்வி: இலக்கியம் எனக்குப் பிடிக்கிறது. ஆனால் மொழிப் பாடத்தில் வரும் பிரதிப்பெயர் (‘நான்’, ‘நீ’ போன்ற சொற்கள்), வினைவடிவம் முதலியவற்றால் இலக்கியத்துக்கு என்ன பயன்?

பதில்: இந்தக் கேள்விக்கு விரிவாகவே பதில் சொல்ல விரும்புகிறேன், ஏனெனில் இரண்டையும் தனித்தனிப் பாடங்களாகக் கருதுவதால் மாணவர்கள் இழப்பது மிகுதி. முதல் அங்கத்தின் ஏழாம் காட்சியில், கொலையே வேண்டாம் என்று பின்வாங்கும் கணவனிடம் லேடி மேக்பெத் ‘யூ’ (you) என்று பேசத் தொடங்குகிறாள். சில அடிகளுக்குள், ‘உன் அன்பையும் இனி இப்படித்தான் மதிப்பேன்’ என்று சொல்லும் இடத்தில், ‘தௌ’ (thou) என்னும் வடிவத்துக்கு மாறிவிடுகிறாள். ஆசைப்படும் அளவுக்குச் செயலில் இறங்க அஞ்சுகிறாயா என்று அந்த வடிவத்திலேயே கேட்கிறாள். அதன் பிறகு மறுபடியும் ‘யூ’ வருகிறது. அக்கால ஆங்கிலத்தில் ‘யூ’ ஒருவரை மதிப்புடன் விளிக்கும் சொல்லாகவும் இருந்தது. ‘தௌ’ நெருக்கத்துக்கும், தமக்குக் கீழானவரை விளிப்பதற்கும், சினத்துக்கும் உரியதாக இருந்தது. இன்றைய பொது ஆங்கிலத்தில் இந்த வேறுபாடு இல்லை. ‘நீங்கள்’ என்று பேசிக்கொண்டிருந்தவர் திடீரென்று ‘நீ’ என்றால் நம் செவி உடனே விழித்துக்கொள்கிறது அல்லவா? அந்தச் செவியோடு இக்காட்சியைப் படியுங்கள். அந்த ‘நீ’ சினமா, உரிமையா? நெருக்கத்தையே அவள் ஆயுதமாக்குகிறாள் என்பது என் வாசிப்பு. ஒரு பிரதிப்பெயரைக் கவனித்ததால் மட்டுமே அது எனக்குக் கிடைத்தது.

கேள்வி: கட்டுரை கட்டாயம் ஐந்து பத்திகளில்தான் இருக்க வேண்டுமா?

பதில்: இல்லை. அது நடைபழகத் தரும் கைத்தடி. கருத்துக்கு நான்கு பத்தி போதுமென்றால் நான்கே எழுதுங்கள்.

கேள்வி: வரலாற்றுப் பின்னணி எவ்வளவு எழுதலாம்? நான் வழக்கமாக முதல் பத்தி முழுவதும் ஆசிரியரின் வாழ்க்கையை எழுதுகிறேன்.

பதில்: அந்தப் பத்தியை எடுத்துவிடுங்கள். பின்னணி, ஒரு குறிப்பிட்ட காட்சியையோ அடியையோ விளக்கும் இடத்தில் மட்டுமே வர வேண்டும். ஸ்காட்லாந்தின் அரசர் ஜேம்ஸ் 1603-இல் இங்கிலாந்துக்கும் அரசரானார். அவர் 1597-இலேயே சூனியத்தைப் பற்றி ஒரு நூல் வெளியிட்டவர். இந்தச் செய்தியைச் சூனியக்காரிகள் தோன்றும் காட்சியோடு சேர்த்து, அன்றைய பார்வையாளருக்கு அவர்கள் வெறும் மேடை அலங்காரமாக மட்டும் தோன்றியிருக்க மாட்டார்கள் என்று ஒரு வாக்கியத்தில் எழுதினால், அது வாதத்துக்கு வலுச் சேர்க்கும். ஷேக்ஸ்பியர் பிறந்த ஆண்டு உங்கள் வாதத்தில் எந்த வேலையும் செய்யாது.

கேள்வி: அருஞ்சொற்களைச் சேர்த்தால் மதிப்பெண் கூடுமா? மேற்கோள்கள் நீளமாக இருக்க வேண்டுமா?

பதில்: பொருள் முழுவதும் தெரியாத சொல், எழுதியவரைக் காட்டிக்கொடுத்துவிடும். எளிய, துல்லியமான சொல்லே போதும். மேற்கோளில் நீங்கள் விளக்கப்போகும் சொற்களை மட்டும் எடுத்து, உங்கள் வாக்கியத்துக்குள்ளேயே பொருத்துங்கள். நான்கு அடிகளை மேற்கோளாகக் காட்டி ஓர் அடியை மட்டும் விளக்கினால், மற்ற மூன்றும் வெறும் இடநிரப்பல்.

கேள்வி: தேர்வில் ஒரு மணி நேரத்தில் ஒரு கட்டுரை எழுத வேண்டும். எழுதத் தொடங்கினால் பாதியில் திசைமாறிவிடுகிறேன். என்ன செய்வது?

பதில்: முதல் பத்து நிமிடம் கட்டுரையைத் தொடாதீர்கள். வினாவில் உள்ள வினைச்சொல்லை அடிக்கோடிடுங்கள்: ‘விளக்குக’ என்று கேட்கிறதா, ‘எந்த அளவுக்கு உடன்படுகிறீர்கள்’ என்று கேட்கிறதா? பின்பு உங்கள் விடையை ஒரே வாக்கியத்தில் எழுதி, அதன்கீழ் நாடகத்திலிருந்து மூன்று இடங்களைக் குறியுங்கள். மூன்றில் ஒன்றாவது உங்கள் கருத்துக்குத் தொல்லை தருவதாக இருக்கட்டும். ஒவ்வொரு பத்தியையும் முடித்ததும் அந்த ஒற்றை வாக்கியத்தைத் திரும்பிப் பாருங்கள். எழுத எழுத உங்கள் எண்ணமே மாறிவிட்டால், அஞ்சாமல் முன்னுரைக்குச் சென்று அந்த வாக்கியத்தைத் திருத்துங்கள். ஓர் அடித்தலுக்காக மதிப்பெண்ணைக் குறைக்க எனக்கு ஒருபோதும் மனம் வந்ததில்லை.