பூட்டும் சாவியும்: கணினிக் கேள்வி பதில்

கேள்வி: கும்பகோணத்தில் கடை நடத்துகிறேன். மன்னார்குடி வீட்டிலுள்ள லினக்ஸ் கணினிக்குள் எஸ்.எஸ்.ஹெச். (தொலைவிலிருந்தே கணினியை இயக்க உதவும் பாதுகாப்பான இணைப்பு) வழியாகக் கடவுச்சொல் கொடுத்து நுழைகிறேன். கடவுச்சொல்லுக்குப் பதில் சாவிக் கோப்பைக் கொண்டு நுழையும் முறைக்கு மாறலாமா?

பதில்: தாராளமாக மாறலாம். கடவுச்சொல்லை ஊகித்துப் பார்க்கும் தானியங்கி நிரல்கள், இணையத்தில் திறந்து கிடக்கும் 22-ஆம் போர்ட்டை (எஸ்.எஸ்.ஹெச். இணைப்புக்கான வாசல்) இரவு பகல் பாராமல் தட்டிக்கொண்டிருக்கின்றன. சாவியை அப்படி ஊகித்துவிட முடியாது. கடை லேப்டாப்பில் ‘எஸ்எஸ்ஹெச்-கீஜென்’ கட்டளையை ‘ஈடி25519’ (ed25519) என்ற சாவி வகையைக் குறிப்பிட்டு இயக்கினால் இரண்டு கோப்புகள் உருவாகும். ‘பப்’ என்று முடிவது பொதுச்சாவி. அதிலுள்ள ஒற்றை வரியை வீட்டுக் கணினியின் ‘ஆத்தரைஸ்டு கீஸ்’ கோப்பில் சேர்த்தால் போதும். மற்றது தனிச்சாவி. அது லேப்டாப்பை விட்டு வெளியேறக் கூடாது. வாட்ஸ்அப்பில் தமக்குத் தாமே அனுப்பி வைத்துக்கொள்பவர்களும் இருக்கிறார்கள், அந்தத் தவறு வேண்டாம். தனிச்சாவிக்கும் ஒரு கடவுத்தொடர் (சாவிக் கோப்பைத் திறப்பதற்கான நீண்ட கடவுச்சொல்) வைத்துவிடுங்கள்.

இதன் பிறகும் கடவுச்சொல்லே கேட்டால், பெரும்பாலும் கோப்பு அனுமதிக் கோளாறுதான்: வீட்டுக் கணினியில் எஸ்.எஸ்.ஹெச். கோப்புறைக்கு 700, ‘ஆத்தரைஸ்டு கீஸ்’ கோப்புக்கு 600 என்று (உரிமையாளருக்கு மட்டுமே அனுமதி தரும் எண்கள்) மாற்றுங்கள். சாவியால் நுழைய முடிகிறது என்று உறுதியான பின்னரே, வீட்டுக் கணினியின் அமைப்புக் கோப்பில் ‘பாஸ்வேர்டு ஆத்தென்டிகேஷன்’ என்பதற்கு ‘நோ’ என்று எழுதிச் சேவையை மறுதொடக்கம் செய்யுங்கள். அப்போது திறந்திருக்கும் இணைப்பை மூடாமல், வேறொரு சன்னலில் நுழைந்து பாருங்கள். இல்லையேல், ஓர் எழுத்துப்பிழையைத் திருத்துவதற்காக நீடாமங்கலம் வழியாகப் பேருந்து ஏற நேரிடும்.